சர்க்கரை ‘நார்மல்’ ஆகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?

சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தவருக்கு வயது 54. கொஞ்சமும் நொண்டாமல் நிமிர்ந்து நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்தார். வலி என்று அவர் வரவில்லை. வீட்டுத் தரையில் அங்கங்கே சிறு இரத்தத் துளிகளைக் கண்ட அவருடைய மகள், அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடி, கடைசியில் தந்தையின் வலது காலுறையைப் பார்த்துப் பதறிப்போய் அழைத்து வந்திருந்தார். காலுறையைக் கழற்றினால், பெருவிரலின் அடிப்பக்கத்தில் காய்த்துத் தடித்துப்போன தோலுக்கு நடுவே, சுண்டுவிரல் நுனி புதையும் அளவுக்குக் குழிந்த புண். அவருடைய ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. அது எத்தனை நாளாக உள்ளே கிடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு புண்ணோடு நொண்டிக்கொண்டு வருபவரைவிட, நொண்டாமல் வருபவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம்.

கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தின் உணர்ச்சியைச் சோதிப்பதற்கென்றே உள்ள, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் இரண்டு பாதங்களிலும் மாறி மாறித் தொட்டேன். தொடுவது தெரிந்ததும் ‘ம்’ என்று சொன்னால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தேன். சோதனை முடிந்து இழையை மேசைமேல் வைத்த பிறகு, கண்ணைத் திறக்காமலேயே, “எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் எனக்குப் புதியவர் அல்லர். ஆறு ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர், கடந்த பதினொரு மாதங்களாக வரவில்லை. கடைசியாக வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.4. இரண்டு மாத்திரைகளோடு, நடைப்பயிற்சியோடு, உணவில் கவனத்தோடு அவர் உழைத்துப் பெற்ற எண்கள் அவை. இந்த முறை சர்க்கரை 348, ஹெச்பிஏ1சி 11.2. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். “அப்பவே நிறுத்திட்டேன் டாக்டர். நார்மல் ஆயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. தாம் சரியாகத்தான் நடந்துகொண்டோம் என்ற நம்பிக்கையோடு சொன்னார்.

நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே ‘நார்மல், இதே மருந்து தொடர்க’ என்று இருக்கிறது. முதல் சொல் அவர் காதில் விழுந்தது. மற்ற மூன்று சொற்களும் சீட்டிலேயே நின்றுவிட்டன. இதே பதிலை எனக்குச் சொன்னவர்களில் இந்த மாதத்தில் மட்டும் இவர் நான்காமவர். அதனால்தான் இதைப் பொறுமையிழந்து எழுதுகிறேன். சொல்லும் முறையில் கடுமை தெரிந்தால், அதன் பின்னாலிருக்கும் கவலையைப் புரிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குச் சர்க்கரை நார்மலாக வந்திருக்கிறது என்றால், அந்த மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை. கண்ணாடி போட்டதும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. எழுத்துகள் தெளிவாகிவிட்டனவே, இனிக் கண்ணாடி எதற்கு என்று யாரும் கழற்றி வைப்பதில்லை. மழையில் குடை பிடித்துப் போகிறவர், உடம்பு நனையவில்லை என்பதற்காக நடுவழியில் குடையை மடக்குவதில்லை. இந்த இரண்டையும் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை என்று வந்துவிட்டால் மட்டும், நன்கு படித்தவர்கள், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர்கள், மற்ற எல்லாவற்றிலும் நிதானமானவர்கள்கூட, நனையாத உடம்பைக் காட்டி மழை நின்றுவிட்டது என்கிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நம் எல்லோருக்கும் மருந்து என்பது காய்ச்சலின் வழியாகத்தான் முதலில் பழக்கமாகிறது. ஐந்து நாள் மாத்திரை, ஆறாம் நாள் குளியல், ஏழாம் நாள் வேலைக்குப் போகலாம். மருந்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, முடிவில் நோய் இருக்காது. சிறுவயதில் மனத்தில் பதிந்த அந்தக் கணக்கையே நீரிழிவுக்கும் போடுகிறோம். ஆனால் காய்ச்சலில் வெளியிலிருந்து வந்த கிருமியை உடம்பு விரட்டிவிடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவிலோ விரட்டுவதற்கு ஒன்றும் வெளியிலிருந்து வரவில்லை. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் தளர்ந்திருக்கின்றன, சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. மாத்திரை இந்தக் குறையை அன்றன்றைக்கு ஈடு செய்கிறது. இன்றைய மாத்திரை இன்றைக்கு. நாளைக்கு நாளைய மாத்திரை.

ஹெச்பிஏ1சி எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்கின்றன. அந்தக் காலத்தில் அவற்றின்மேல் எவ்வளவு சர்க்கரை படிந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதாவது, அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு. வரப்போகும் மாதங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. (இரத்தசோகை, சிறுநீரகச் செயலிழப்பு, அண்மையில் இரத்தம் ஏற்றியிருப்பது போன்றவை இந்த எண்ணைப் பொய்யாக ஏற்றவோ இறக்கவோ செய்யலாம், ஆகவே அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதை நாங்களும் தவிர்க்கிறோம்.)

மாத்திரையை நிறுத்தியவுடன் உடம்பு ஒரு புகாரும் சொல்லாததுதான் இதில் பெரிய ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமை ஒட்டி ஏறிய பிறகுதான் பொதுவாகச் சிறுநீரில் அது வழியத் தொடங்குகிறது. அதற்கப்புறமே அடிக்கடி சிறுநீர் கழித்தலும் தாகமும் வருகின்றன. அதுவும் மெல்ல மெல்ல ஏறினால், அந்தத் தாகத்துக்கும் களைப்புக்கும் ஆள் பழகிவிடுகிறார். ‘மாத்திரையை விட்டு இரண்டு மாதமாகிறது, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும்போது கண் வலிப்பதில்லை. சிறுநீரக வடிகட்டிகள் புரதத்தைக் கசியவிடும்போது இடுப்பு வலிப்பதில்லை. பாத நரம்புகள் மரத்துப்போகும்போது, வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே மரத்துப்போகிறது. பொத்தான் ஷூவுக்குள் கிடந்த கதை அதுதான். அவருடைய நரம்புச் சேதம் இந்தப் பதினொரு மாதத்தில் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நீரிழிவு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அது தொடங்கியிருக்கலாம். ஆனால் அதை மேலும் கெடுத்ததிலும், இப்போது புண்ணை ஆறவிடாமல் செய்வதிலும் இந்தப் பதினொரு மாதங்களுக்குப் பங்கு உண்டு.

பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான ‘யு.கே.பி.டி.எஸ்’ ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படித்தே ஆக வேண்டிய ஒன்று. புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவினருக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைவாக இருந்தன. அதே ஆய்வு, நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் பாதியளவு போயிருக்கிறது என்பதையும், பிறகும் அது ஆண்டுதோறும் மெல்லக் குறைந்துகொண்டே போகிறது என்பதையும் காட்டியது. ஆகவே, சில ஆண்டுகள் கழித்து உங்கள் மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால், நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக மனம் குன்ற வேண்டாம். 2008இல் வெளியான தொடர்ச்சி இன்னும் முக்கியமானது: ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் இரு குழுக்களின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது; ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பத்து ஆண்டுகள் கழித்தும் நீடித்தது. நன்றாக இருந்த மாதங்களை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்ட மாதங்களையும்தான்.

இதற்கு மறுப்பாக இப்போது எல்லோரும் எடுத்துக் காட்டும் ஒன்றைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாத்திரையே இல்லாமல் இரண்டாம் வகை நீரிழிவு தணிந்த நிலைக்குப் போக முடியுமா? சிலருக்கு முடியும். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, இன்சுலின் போடாத, உடல் எடை கூடியவர்கள், மிகக் கட்டுப்பாடான உணவுத் திட்டத்தால் எடையைக் கணிசமாகக் குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் அந்த நிலையை அடைந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதங்கள் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால்தான் அதைத் தணிந்த நிலை என்று சொல்ல வேண்டும் என 2021இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தார்கள். அந்த நிலையை எட்டியவர்களும் ஆண்டுதோறும் கண், கால், சிறுநீரகப் பரிசோதனைகளை விடக்கூடாது. அந்த ஆய்வில் மாத்திரைகள் நிறுத்தப்பட்டது உண்மை. அதே நாளில் உணவுத் திட்டமும், எடைக் கணக்கும், அடிக்கடி சர்க்கரையைப் பார்க்கும் ஆட்களும் பக்கத்தில் இருந்தார்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எதையும் செய்யாமல் இருப்பதற்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது. உங்களுக்கு அந்த வழியில் ஆர்வம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கும் நோயாளியைப் பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இன்னொரு பேச்சு, அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பது. பெரும்பாலும் இது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சொல்லப்படுகிறது. சிறுநீரகத்தின் திறன் ஓரளவுக்குக் கீழே போனால் நாங்கள் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கிறோம், மேலும் குறைந்தால் நிறுத்துகிறோம். ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், வெளியேறாவிட்டால் உடலில் தேங்கும். அதைப் பார்த்தவர்கள், மருந்தால்தான் சிறுநீரகம் கெட்டது, அதனால்தான் டாக்டர் நிறுத்தினார் என்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும், அதோடு சேர்ந்து ஏறும் இரத்த அழுத்தமும். அண்மைக் காலத்தில் வந்திருக்கும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வகை மாத்திரைகளை நாங்கள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பதற்காகவே பலருக்குக் கொடுக்கிறோம். சர்க்கரை எண் நன்றாக இருந்தாலும் அவற்றைத் தொடரச் சொல்வது அதனால்தான். மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு வரலாம். அவை உண்மையான பக்க விளைவுகள், அவற்றுக்குத் தீர்வும் உண்டு. சொன்னால்தானே தீர்க்க முடியும்?

இன்சுலினைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. அது கடைசிக் கட்டம் என்ற பேச்சைக் கேட்டு மூன்று நான்கு ஆண்டுகளைத் தள்ளிப்போட்டு, பார்வை மங்கிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், பட்டினி உணவால் எலும்பும் தோலுமாகிப்போயிருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. மருந்தை மேலும் சுத்திகரித்துச் சில நாள்களில் மீண்டும் போட்டபோது சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்பு, கணையம் இன்சுலினைச் சுரக்க முடியாமல் போகும் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு மருத்துவம் என்று சொல்லக்கூடிய ஒன்றே இல்லை. சாவிலிருந்து மீட்பதற்கென்று வந்த மருந்தைச் சாவின் அறிகுறியாக நாம் பார்க்கிறோம்.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை, இதில் எனக்கு வளைந்து கொடுக்க இடமே இல்லை: யார் சொன்னாலும், எந்தப் பொடியைக் கொடுத்தாலும், இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். வாந்தி, காய்ச்சல், சாப்பிடவில்லை என்ற நாள்களிலும் நிறுத்தாதீர்கள். ‘சாப்பிடவே இல்லையே, எதற்கு ஊசி?’ என்று நல்லெண்ணத்தோடு விட்டுவிட்டு, மறுநாள் மூச்சிரைக்க, அரை நினைவோடு தூக்கிவரப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உணவே இல்லாதபோதும் கல்லீரல் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இன்சுலின் இல்லாவிட்டால் கொழுப்பு கரைந்து கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. உடல்நலமில்லாத நாளில் அளவை மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை மருத்துவரிடமோ பயிற்சி தரும் செவிலியரிடமோ நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். பென் ஊசியில் இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், சர்க்கரை மட்டும் ஒருநாள் 80, மறுநாள் 290 என்று தாறுமாறாக ஓடுகிறது என்றார். கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நான்கு யூனிட் கூட்டப்பட்டிருக்கிறது. வயிற்றைக் காட்டச் சொன்னேன். தொப்புளுக்கு இடப்பக்கம், இலந்தைப்பழம் அளவில் இரண்டு கட்டிகள், தொட்டால் ரப்பரைப்போல் மெத்தென்று நழுவின. “அங்க போட்டா வலிக்காது டாக்டர், அதனாலதான் அங்கேயே போடறேன்” என்றார். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு இப்படித் தடிக்கும். அதற்குள் போகும் இன்சுலின் எப்போது, எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று யாராலும் கணிக்க முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது, ஊசி போடும் இடத்தை மாற்றுவது. முந்தைய ஊசி போட்ட புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி, வயிறு, தொடை என்று முறை வைத்து மாற்ற வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு இன்சுலின் முழுதாக வேலை செய்து சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், அன்றே அவருடைய அளவையும் குறைத்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் சீட்டில் யூனிட்டை ஏற்றுவது எங்கள் தரப்பின் பிழை. இதைப் படிக்கும் இளம் மருத்துவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கையை வைத்துப் பாருங்கள்.

மருந்தை நிறுத்துபவர்களில் ஒரு பகுதியினர் பயத்தால் நிறுத்துகிறார்கள். ஒருநாள் திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேட்டு நான் ஒருபோதும் கடிந்துகொள்வதில்லை. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது அதற்கு ஈடான சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள், ஏறவில்லை என்றால் மீண்டும் குடியுங்கள், பிறகு சாப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இப்படி ஒருமுறை வந்தாலே அது எங்களுக்குத் தெரிய வேண்டும். மாத்திரையின் வகையை மாற்றுவோம், அளவைக் குறைப்போம், வேளையை மாற்றுவோம். வயது முதிர்ந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இலக்கையே நாங்கள் தளர்த்திவிடுகிறோம். எல்லோருக்கும் ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே என்ற கண்டிப்பு கிடையாது. நாங்களே மாத்திரையைக் குறைக்கும் நாள்கள் நிறைய உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்பும், கடுமையான வாந்தி பேதியின்போதும், கர்ப்பம் உறுதியானதும் சில மாத்திரைகளை நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும். இதில் எது உங்கள் மாத்திரை என்பது உங்களுக்குத் தெரியாதிருக்கலாம்; ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். நிறுத்துவதற்கு முன் அந்த ஓர் அழைப்பைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு நோயாளி மிக நேர்த்தியாக எழுதிய குறிப்பேட்டோடு வருவார். ஒரு அடித்தல் திருத்தம் இராது, எல்லா எண்களும் 110க்கும் 130க்கும் நடுவில். ஹெச்பிஏ1சி மட்டும் 9.1. ஒருநாள் கருவியின் நினைவகத்தைப் பார்த்தபோது அந்த எண்கள் அதில் இல்லை. கேட்டதும் அழுதுவிட்டார். முன்பு வேறொரு மருத்துவர் அதிகமான எண்களைப் பார்த்துப் பலர் முன்னால் திட்டிவிட்டாராம். அன்றிலிருந்து நல்ல எண்களை எழுதிக்கொண்டு வருகிறாராம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 260 என்று எழுதிய ஒரு பக்கம் எனக்குச் சொல்வதை, பொய்யான 120கள் நிறைந்த ஒரு புத்தகம் சொல்லாது. அந்த 260க்கு முந்தைய வேளை என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை மறந்ததா, இரவு தூக்கம் கெட்டதா, பல்வலியா என்று பக்கத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தால், பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். ஒரே வேளையில் தினமும் பார்ப்பதைவிட, ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும், இன்னொருநாள் வேறொரு வேளைக்கு முன்னும் பின்னும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் உங்களுக்கே பல சங்கதிகள் புலப்படும். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது, அரை மணி நேர நடை எவ்வளவு இறக்குகிறது என்பதை நான் சொல்லி நம்புவதைவிட, உங்கள் விரல் நுனியில் நீங்களே பார்த்து நம்புவது பல மடங்கு உறுதியானது.

வீட்டிலிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டைப் பார்த்து முறைப்பது உதவி ஆகாது. கூட நடக்கப் போங்கள். உங்கள் தட்டிலும் அதே உணவை வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நாளை நினைவூட்டுங்கள். பாதத்தின் அடிப்பக்கத்தை அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் இரவில் ஒரு நிமிடம் நீங்கள் பாருங்கள். அந்த மகள் தரையில் விழுந்த துளியைப் பார்த்ததால்தான் இன்று அவருடைய தந்தைக்கு விரல் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும், இரத்தத்திலுள்ள கிரியாட்டினின், பாத உணர்ச்சி, கொழுப்பு. ஒவ்வொரு முறை வரும்போதும் இரத்த அழுத்தம். இரண்டாம் வகையில் நோய் தெரிந்த நாளிலேயே இவை தொடங்க வேண்டும். சர்க்கரை நன்றாக இருக்கிறதே என்று இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் கொடுத்த மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். நீரிழிவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதய நோய் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஷூ போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். காலில் தோன்றும் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் வெட்டாதீர்கள், சூடான நீரில் காலை ஊறவைக்காதீர்கள். சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், பழைய அளவிலேயே நாளை காலையிலிருந்து நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். இடையில் உங்கள் சிறுநீரகம், எடை, உணவு எல்லாம் மாறியிருக்கலாம். அதற்காக அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பார்த்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். தாகம் மிகுந்து, எடை குறைந்து, வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் இன்றே போங்கள். கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டையும், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகளானாலும், எடுத்துப்போங்கள். எந்த மாதத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று அஞ்சி, ‘தவறாமல் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டால், அந்த மாத்திரைகள் போதவில்லை என்று நினைத்து நாங்கள் இன்னும் வலுவானதை எழுதிவிடுவோம். அதை நீங்கள் நம்பிக்கையோடு முழுதாகச் சாப்பிடும் அன்று இரவு, தாழ்சர்க்கரையில் வீட்டார் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.